கிணற்றடியில் தொடங்கும் நன்றி: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியில், மல்லாவிப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில் 14 வருடங்களாக ஞாயிறு மறைக்கல்வி படிப்பிக்கிறேன். பிள்ளைகளைவிட அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அம்மாமாரும் அம்மம்மாமாரும்தான் கூடக் கேள்வி கேட்பார்கள். வகுப்பு முடிந்து வேப்பமரத்துக்குக் கீழே நின்று கேட்பார்கள், வயலுக்குப் போகும் வழியில் கேட்பார்கள், செத்த வீட்டிலும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன். நான் அருட்சகோதரி அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. வயல் செய்கிற வீட்டில் பிறந்து, வயல் செய்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

நன்றி சொல்ல நம்பிக்கை எதற்கு? நல்ல மனம் இருந்தால் போதாதா?

நன்றியுள்ள யாரையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்து வளவு அண்ணா எந்தக் கோயிலுக்கும் போகமாட்டார். ஆனால் ஒரு தேங்காய் கொடுத்தால் அடுத்த நாள் ஒரு பிடி முருங்கைக்கீரையோடு படலையில் வந்து நிற்பார்.

ஆனாலும் சில நன்றிகளை மனிதரிடம் கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. போர் முடிந்து, 2010 கடைசியில் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் மிஞ்சியிருந்தது ஒரு கிணறும் இரண்டு தென்னையும்தான். அதிலும் ஒரு தென்னைக்குத் தலை இல்லை. கிணறு முழுக்கத் தகரமும் சேறும். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் இறங்க விட்டார்கள். மூன்று நாள் இறைத்தோம். மூன்றாம் நாள் பின்னேரம் அடியில் ஊற்றுக்கண் திறந்து தெளிந்த தண்ணீர் ஊறத் தொடங்கியது. அப்பா நனைந்த சாரத்தோடு கிணற்றுக் கட்டில் இருந்து அழுதார். அம்மா முதல் வாளித் தண்ணீரில் விரலைத் தோய்த்து நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்.

கிணற்றை வெட்டியவர் எங்கள் அப்பப்பா. இறைத்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஊற்றை யாரும் வெட்டி வைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் அந்த நன்றியைச் சொல்ல ஒருவர் இருந்தார். நம்பிக்கை எனக்குச் செய்தது இதுதான்: வாங்கிக்கொண்ட கையோடு நிற்கிறபோது, தந்தவரின் முகத்தைப் பார்க்க வைத்தது.

காலையில் எழும்பினால் வேலைதான். எந்த நேரத்தில் இதையெல்லாம் செய்வது?

தனி நேரம் வேண்டாம். கேத்தில் கொதிக்கிற நேரம் போதும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு பழைய பழக்கம் இருக்கிறது. 16 ஆம் நூற்றாண்டில் லொயோலா இஞ்ஞாசியார் தன்னுடைய ஆன்மிகப் பயிற்சிகளில் அதை ஒழுங்குபடுத்தி எழுதினார். நாள் முடிவில் தன்னைத் தானே சோதித்துப் பார்ப்பது அது. நாங்கள் சின்ன வயதில் ஆத்தும சோதனை என்றால் பாவத்தை எண்ணுவது என்றுதான் நினைத்தோம். இஞ்ஞாசியார் முதல் படியாக வைத்தது பாவத்தை அல்ல, பெற்ற நன்மைகளுக்கு நன்றி சொல்வதை. அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு தியானத்தில் இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. கடவுளுக்கு முன் நிற்கிற ஒவ்வொரு தடவையும் குற்றவாளியாகத்தான் நிற்கவேண்டும் என்று இல்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். இரவு பாயில் படுத்த பிறகு அந்த நாளைக் காலையிலிருந்து ஒரு தடவை நடந்து பார்ப்பேன். நன்றி சொல்கிறபோது பொதுவாகச் சொல்வதில்லை. "சுகத்துக்கு நன்றி, உணவுக்கு நன்றி" என்று வாய் தானாகச் சொல்லும்போது மனம் வேறெங்கோ போய்விடுகிறது. அதனால் பெயர் வைத்துச் சொல்கிறேன். இன்றைக்குப் பஸ்ஸில் எழும்பி இடம் தந்த பெடியனுக்காக. மண்ணெண்ணெய் இல்லாத நேரத்தில் விறகு ஈரமில்லாமல் இருந்ததற்காக. மாமி இன்றைக்கு இரண்டு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டதற்காக. மூன்று போதும். ஐந்து ஆறு என்று ஏற்றினால் அது கணக்குப் புத்தகம் ஆகிவிடும், இரண்டு கிழமையில் கைவிட்டுவிடுவீர்கள். பாதி நாளில் மூன்றாவது வருவதற்கு முன்னமே நித்திரை வந்துவிடும். அதற்காக மனம் நோக வேண்டாம்.

இவ்வளவு இழந்த நாங்கள் "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எப்படிச் சொல்வது? மே மாதம் வந்தால் எனக்கு அந்த வசனம் தொண்டையில் அடைக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு வன்னியில் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன், இப்போதும் கேட்கிறேன். அதனால் இதற்கு மெதுவாகப் பதில் சொல்கிறேன்.

முதலில் அந்த வசனம். பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகம், 5 ஆம் அதிகாரம், 18 ஆம் வசனம். அதில் அவர் கேட்பது எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுவதை. எல்லாச் சூழ்நிலையிலும் என்பதும், நடந்த எல்லாவற்றுக்காகவும் என்பதும் ஒன்று அல்ல. பங்கருக்குள், அதாவது பதுங்குகுழிக்குள், இருந்தபோதும் கடவுளை விட்டுவிடாமல் இருந்தது ஒன்று. பங்கருக்கு மேலே விழுந்த ஷெல்லுக்கு நன்றி சொல்வது வேறு. இரண்டாவதை ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை.

சரி, எபேசியர் திருமுகத்தில் 5 ஆம் அதிகாரம் 20 ஆம் வசனத்தில் "எல்லாவற்றுக்காகவும்" என்றே இருக்கிறதே என்று பைபிள் படிக்கிற ஒரு அக்கா கேட்டார். சரியான கேள்வி. நான் எங்கள் பங்குத்தந்தையிடம் கொண்டுபோனேன். அவர் புத்தகத்தைத் திறந்து அதே அதிகாரத்தின் 11 ஆம் வசனத்தைக் காட்டினார். இருளின் செயல்களோடு பங்கு சேரக்கூடாது, அவை குற்றம் என்று எடுத்துக்காட்ட வேண்டும் என்று அங்கே இருக்கிறது. தீமையைத் தீமை என்று சொல்லச் சொன்ன அதே கை, ஒன்பது வரி தள்ளி அந்தத் தீமைக்கே நன்றி சொல்லச் சொல்லுமா என்று கேட்டார். எனக்கு அது போதுமாக இருந்தது.

இன்னும் ஒன்று. நாங்கள் ஒவ்வொரு பூசையிலும் கேட்கிற வரி, ஆனால் காதில் விழாமலே போகிற வரி: இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில்தான் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்தினார். நற்கருணைக்குக் கிரேக்க மொழியில் இருக்கிற பெயருக்கே நன்றி செலுத்துதல் என்றுதான் பொருள். அவர் எதற்கு நன்றி சொன்னார்? கையில் இருந்த அப்பத்துக்கு. யூதாசின் முப்பது வெள்ளிக்காசுக்கு அல்ல. அடுத்த நாள் வரப்போகிற ஆணிக்கும் அல்ல. அந்த அப்பம் முடிந்து ஒலிவ மலைக்குப் போனதும் முகங்குப்புற விழுந்து, முடியுமானால் இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும் என்று கேட்டார். நன்றியும் மன்றாட்டும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை.

எங்கள் தம்பி, போர் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஆள் இல்லை. அம்மா இரவுச் செபத்தில் நன்றிகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வருவார். கோழி அடைக்கு இருக்கிறது, அதற்கு நன்றி. பேத்திக்குக் காய்ச்சல் விட்டது, அதற்கு நன்றி. கடைசியில் தம்பியின் பெயரைச் சொல்வார். பெயர் மட்டும். அதற்கு முன்னும் ஒரு சொல் இல்லை, பின்னும் ஒரு சொல் இல்லை. நன்றி என்றும் சொல்லமாட்டார், ஏன் என்றும் கேட்கமாட்டார். பிறகு அருள்நிறைந்த மரியே சொல்லிப் படுத்துவிடுவார். 16 வருடங்களுக்கு மேலாக இப்படித்தான். நான் பார்த்த செபங்களில் இதைவிட உண்மையானது இல்லை.

போரில் செத்தவர்களை நினைக்கிற மே 18 அன்று உப்புக்கஞ்சி காய்ச்சிக் குடிக்கிறோம். அன்றைக்கு நன்றி வராவிட்டால் அந்த நாளை அப்படியே விட்டுவிடுங்கள். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருங்கள்.

"கடவுள் என்னைக் காப்பாற்றினார்" என்று சாட்சி சொல்கிறார்கள். அப்படியென்றால் செத்தவர்களை அவர் கைவிட்டாரா?

செபக்கூட்டங்களில் இது நடக்கிறது. ஒருவர் எழும்பி, பக்கத்துப் பங்கரில் விழுந்தது, ஆண்டவர் எங்களைக் காத்தார், ஸ்தோத்திரம் என்பார். அந்தப் பக்கத்துப் பங்கரில் பிள்ளையைக் கொடுத்த தாய் மூன்றாவது வரிசையில் இருப்பார். அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

உயிர் தப்பியவர் நன்றி சொல்லத்தான் வேண்டும். அது அவருடைய உரிமை. ஆனால் காரணம் சொல்ல வேண்டாம். "நாங்கள் செபமாலை சொன்னபடியால் தப்பினோம்" என்று சொன்னால், செபமாலை சொல்லிக்கொண்டே செத்தவர்களை என்ன செய்வது? மன்னார்ப் பக்கத்து மடு மாதா கோயிலில் தஞ்சம் அடைந்திருந்தவர்கள்மேல் 1999 நவம்பர் 20 அன்று ஷெல் விழுந்து பலர் செத்தார்கள். மாதாவின் வளவுக்குள்ளேயே. அவர்களுக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்போது, தப்பியவர் சுருக்கமாகச் சொல்வதும், இழந்தவர் பக்கத்தில் போய் இருப்பதும் அன்பு. நன்றியை அப்படியும் செய்யலாம்: தனக்குக் கிடைத்த உயிரை மற்றவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது.

நன்றி நன்றி என்று சொன்னால் அநியாயத்தைக் கேட்காமல் விட்டதாகாதா?

ஆகாது. மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை எங்கள் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. 1992 முதல் 2016 வரை ஆயராக இருந்தார், 2021 ஏப்ரல் 1 அன்று காலமானார். தினமும் திருப்பலியில் நன்றி செலுத்திய மனிதர்தான் அவர். அதே மனிதர்தான் 2011 சனவரியில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன்னால், கச்சேரியின், அதாவது மாவட்டச் செயலகத்தின், புள்ளிவிபரங்களைக் கூட்டிக் கழித்து, போரின் கடைசியில் கணக்கில் வராமல் போன 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண்ணை வன்னிப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரத்தில் போராட்டம் தொடங்கினார்கள். அங்கே போய் இருந்த நாட்களில் நான் ஒன்றைக் கண்டேன். மதியச் சோற்றுப் பார்சல் வந்தால் அவர்கள் பிரிக்க முன்னம் கும்பிட்டார்கள். சைவ அம்மாமார் ஒரு மாதிரி, எங்கள் ஆட்கள் சிலுவை போட்டு. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டுப் பிள்ளையின் படத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்தார்கள். சோற்றுக்கு நன்றி சொன்னவர்கள் பிள்ளையைக் கேட்பதை விடவில்லை.

பயிர் அழிந்த வருடம் அறுவடைக்கு எப்படி நன்றிப் பூசை வைப்பது?

எங்களுக்கு வவுனிக்குளத்துத் தண்ணீர். காலபோகத்தை மழையோடு விதைத்து, தை மாசியில் வெட்டுவோம். சிறுபோகத்துக்குக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதோ அவ்வளவுதான். இரண்டு போகமும் விளைந்த வருடங்களை விரல் விட்டு எண்ணலாம். 2021 இல் இரசாயன உரம் நிறுத்தப்பட்டு, அந்தக் காலபோகத்தில் நெல் மஞ்சளாகி நின்றது. கதிர் வந்தது, மணி இல்லை. அடுத்த வருடம் டீசலுக்கு வரிசை. அதற்கு முன்னம் 2018 டிசம்பரில், நத்தாருக்கு மூன்று நாள் இருக்கும்போது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம். மழைக்காகச் செபமாலை சொன்னவர்கள் அந்த மழையாலேயே பள்ளிக்கூடங்களில் போய்ப் படுத்தார்கள்.

அபகூக்கு என்ற இறைவாக்கினரின் கடைசி அதிகாரத்தை எங்கள் வயற்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவேன். அத்திமரம் பூக்கவில்லை, ஒலிவமரம் பயன் தரவில்லை, வயலில் தானியம் இல்லை, பட்டியில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை, ஆனாலும் நான் ஆண்டவரில் களிகூர்வேன் என்கிறார். ஒரு பெரியவர் கேட்டுவிட்டு, "இவர் வயல் செய்தவர்தான் பிள்ளை, இல்லாவிட்டால் இப்படி ஒவ்வொன்றாகச் சொல்லத் தெரியாது" என்றார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்தது. அபகூக்கு நட்டத்தை மறைக்கவில்லை, வரிசையாகச் சொல்லி முடித்துவிட்டுத்தான் "ஆனாலும்" என்கிறார். அழிந்த வருடம் நன்றிப் பூசை வைப்பதென்றால் அப்படியே வைக்கலாம். என்ன போனது என்பதை முதலில் உரத்துச் சொல்லுங்கள். எத்தனை ஏக்கர், எவ்வளவு கடன்.

விளைந்த வருடத்துக்கு வேறொரு பகுதி இருக்கிறது. இணைச்சட்டம் 26 ஆம் அதிகாரம். நிலத்தின் முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து பீடத்துக்கு முன் வைக்கிறவர் என்ன சொல்லவேண்டும் என்று அங்கே எழுதியிருக்கிறது. "நன்றி" என்று தொடங்கவில்லை. அலைந்து திரிந்த அரமேயர் என் தந்தை என்று தொடங்குகிறது. எகிப்துக்குப் போனோம், அங்கே எங்களை ஒடுக்கினார்கள், கத்தினோம், ஆண்டவர் கேட்டார், இந்த நிலத்துக்குக் கொண்டுவந்தார், இதோ முதற்பலன். அதாவது இடம்பெயர்ந்த கதையைச் சொல்லாமல் நெல்லை வைக்க முடியாது.

இதை நான் முதல் தடவை படித்தபோது, வன்னிக்காரர் ஒருவர் எழுதினதுபோல இருந்தது. மல்லாவியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், பிறகு மெனிக் பாம் முகாமில் தறப்பாள் கொட்டில், பிறகு திரும்ப இந்த வரம்பு. எங்கள் கோயிலில் இப்போது புது நெல்லைக் கொண்டுவருகிற குடும்பம் தாங்கள் போன ஊர்களின் பெயர்களைச் சொல்லித்தான் கூடையை வைக்கிறது. 5 நிமிடம் எடுக்கும். பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்பார்கள். அந்த அதிகாரத்தின் 11 ஆம் வசனம், உன் நடுவில் வாழ்கிற அந்நியரோடும் சேர்ந்து அக்களிப்பாய் என்கிறது. அதனால் பொங்கல் பானையை வீட்டுக்குள் வைத்துத் தின்னக்கூடாது என்று நான் நினைக்கிறேன்.

நேர்த்தி வைப்பது கடவுளோடு வியாபாரம் செய்வதா?

வியாபாரமாக ஆக்கலாம், அன்பாகவும் ஆக்கலாம். "நீ இதைத் தந்தால் நான் அதைத் தருவேன்" என்று கேட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் மாதாவோடு கோபித்துக்கொண்டு திரும்பிப் பாராமல் இருப்பவர்களும் உண்டு. ஆனால் மடுவுக்கு நடந்து போகிற சனங்களைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. ஆடித் திருநாளுக்கும் ஆவணித் திருநாளுக்கும், அதாவது யூலை 2 க்கும் ஆகஸ்ட் 15 க்கும், காட்டுக்குள் கூடாரம் அடித்து, மர நிழலில் கல் வைத்துச் சமைத்து, நாட்கணக்காகத் தங்குவார்கள். பாதிப்பேருக்குக் கேட்ட காரியம் கிடைத்திருக்காது. ஆனாலும் வருவார்கள். வீட்டுக்குத் திரும்புகிறபோது ஒரு கைப்பிடி மடு மண்ணைச் சீலைத் தலைப்பில் முடிந்து கொண்டுவருவார்கள், பாம்புக் கடிக்கு நல்லது என்று. பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், அதை நான் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மண்ணை வைத்துக்கொள்ளட்டும், அது பாசம்.

மடு மாதாவின் கதையே ஓடித் தப்பினவர்களின் கதை. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கருக்கு வழிபடத் தடை வந்தபோது, 1670 அளவில் மாந்தையிலிருந்த குடும்பங்கள் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்தார்கள். 1924 யூலை 2 அன்று அந்தச் சுரூபத்துக்கு முடிசூட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது சுரூபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள், பிறகு அந்த ஆகஸ்ட்டிலேயே மடுவுக்குத் திரும்பி வந்தது. எங்களைப்போல மாதாவும் இடம்பெயர்ந்தவர் என்று அம்மம்மா சொல்வார். 2015 சனவரி 14 அன்று, பொங்கலுக்கு முதல் நாள், பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். நாங்களும் போனோம். அவர் சொன்னதைவிட எனக்கு ஞாபகம் இருப்பது, எனக்குப் பக்கத்தில் நின்ற சிங்கள அம்மா ஒருவர் தன் குடையை எங்கள் அம்மாவின் தலைக்குப் பிடித்ததுதான். இருவருக்கும் ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது.

நேர்த்தியைக் கேட்கும்போதே வைக்காமல், கிடைத்த பிறகு வைத்துப் பாருங்கள். கேட்காமல் கிடைத்த ஒன்றுக்காக ஒரு தடவை மடுவுக்குப் போய்வாருங்கள். நடக்கிற நடை வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் அயலவர்கள் சைவர்கள். பொங்கலில் சேரலாமா? அவர்களுடைய நன்றி கடவுளுக்குச் சேருமா?

சேரலாம். எங்கள் கோயில் முற்றத்திலேயே தைப்பொங்கலுக்குப் பொங்கிப் பூசை வைக்கிறோம். மடுவுக்கு வருகிறவர்களில் சைவர்கள் எத்தனையோ பேர். முகாமில் எங்களுக்கு முதல் சீனி தந்தவர் வற்றாப்பளை அம்மனுக்கு விரதம் இருக்கிற ஆச்சி.

இரண்டாவது கேள்விக்கு லூக்கா 17 ஆம் அதிகாரம். பத்துத் தொழுநோயாளருக்குச் சுகம் கிடைத்தது. ஒருவர்தான் திரும்பி வந்து நன்றி சொன்னார். அந்த ஒருவர் சமாரியர், யூதர்கள் வேறு ஆட்களாக நினைத்தவர். இயேசு மற்ற ஒன்பது பேரைத்தான் எங்கே என்று கேட்டார். அந்த ஒன்பது பேரில் நான் இருக்கிறேனா என்பதுதான் எனக்குக் கவலை. ஆச்சியைப்பற்றி எனக்குக் கவலை இல்லை.

பிள்ளைகளுக்கு எப்படிப் பழக்குவது? "நாங்கள் பட்ட கஷ்டம் தெரியுமா" என்றால் முகத்தைத் திருப்புகிறார்கள்.

திருப்பத்தான் செய்வார்கள். 2009 க்குப் பிறகு பிறந்த பிள்ளை சோற்றை மிச்சம் விட்டால், "நாங்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம்" என்று திட்டுகிறோம். அந்தப் பிள்ளைக்கு நன்றி வராது, குற்ற உணர்வுதான் வரும். நானும் இந்தப் பிழையைச் செய்தேன். என் மகள் ஒரு நாள், "அம்மா, நான் அப்போது பிறக்கவில்லையே, என்னை ஏன் ஏசுகிறீர்கள்" என்று கேட்டாள். அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டேன். கதையைச் சொல்ல வேறு நேரம் இருக்கிறது, அவள் தானாகக் கேட்கிற நேரம்.

வகுப்பில் நான் செய்வது இது. ஒரு கோப்பை பிளேன்ரீயை மேசையில் வைத்து, இது இங்கே வர யார் யார் கை பட்டது என்று கேட்பேன். பிள்ளைகள் அம்மா என்று தொடங்குவார்கள். பிறகு கடைக்காரர், லொறிக்காரர், மலையகத்தில் கொழுந்து பறிக்கிற அம்மா. சீனி எங்கிருந்து, விறகு வெட்டியவர் யார், தண்ணீர் அள்ளியவர் யார். கரும்பலகை நிறைந்துவிடும். ஒரு தடவை ஒரு சின்னப் பெடியன் "கோப்பை செய்தவர் பாவம், அவரை மறந்துபோனோம்" என்று கடைசியில் எழும்பிச் சொன்னான். பிறகு ஒவ்வொருவருக்காகவும் ஒரு வரி செபம் சொன்னோம். தேநீர் ஆறிவிட்டது, ஆனாலும் எல்லோரும் ஒவ்வொரு மிடறு குடித்தோம்.

பெரியவர்கள் பிள்ளைகளுக்கு நன்றி சொல்வதும் முக்கியம். வன்னியில் எங்களுக்கு அந்தப் பழக்கம் குறைவு. தண்ணீர் கொண்டுவந்து தந்த பிள்ளைக்கு "சந்தோசம் அம்மா" என்று ஒரு சொல் சொல்லிப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து அண்ணா காசு அனுப்புகிறார். நன்றி சொல்வதைவிடக் கூச்சம்தான் வருகிறது.

வாங்குவதும் கடினமான வேலைதான். காசு கிடைத்தது என்று மட்டும் போனில் சொல்லாமல், அந்தக் காசு என்ன ஆனது என்று சொல்லுங்கள். கூரைக்கு ஓடு போட்டோம், முதல் மழைக்கு ஒழுகவில்லை என்று. இரவு வேலை முடித்துப் பனியில் வீட்டுக்கு நடக்கிற மனிதருக்கு அது தெரியவேண்டும். அவருக்காகச் செபிக்கிறோம் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். நுண்கடன் காசு வேறு. அதற்கு வட்டி கட்டுகிறீர்கள், அது கொடை அல்ல. அதைக் கடவுள் தந்த வழி என்று சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களை நம்ப வேண்டாம்.

செபிக்கவே மனம் வரவில்லை. கடவுள்மேல் கோபம்.

கோபத்தோடேயே பேசுங்கள். திருப்பாடல்கள் 150 இல் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 88 ஆவது பாடல் இருளில் முடிகிறது, கடைசி வரியில்கூட விடியவில்லை. அதையும் செபம் என்றுதான் பைபிளில் வைத்திருக்கிறார்கள்.

வீட்டில் தொடங்க ஒரு சின்னச் செபம் எழுதித் தருவீர்களா?

அம்மா சொல்வதைக் கேட்டுக் கேட்டு எழுதியது. உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள். புள்ளி வைத்த இடத்தில் உங்கள் வீட்டுப் பெயர்களைச் சொல்லுங்கள், அவசரப்படாமல்.

ஆண்டவரே, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, நன்றி.
இன்றைக்கு அடுப்பு எரிந்தது, நன்றி.
இன்றைக்கு எங்கள் படலையைத் தட்டினவர்களுக்காக நன்றி.
நாங்கள் யாருடைய படலையைத் தட்டினோமோ அவர்களுக்காகவும் நன்றி.
வயலையும் கடலையும் காட்டையும் நம்பி இருக்கிற எல்லோரையும் பார்த்துக்கொள்ளும்.
யானை வராமல், பாம்பு தீண்டாமல் இந்த இரவு விடியட்டும்.
. . .
. . .
ஆமென்.